ஜீப்பின் மேல் பூசிய சேறு

ஒரு சாண் நீளமுள்ள பச்சை ஜீப்பு ஒன்று என் வீட்டுச் சாமி அலமாரியில் நிற்கிறது. மாமாவின் படம் இருக்க வேண்டிய இடம் அது. மாமாவுக்குப் படமே கிடையாது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவர், எண்பதுகளில் ஒரு மழைக்காலத்தில், வெறும் வண்டியோடு இறங்கி வரும்போது கொண்டையூசி வளைவில் உருண்டுவிட்டார். சிலமலையில் இருந்த அத்தை, "மொகத்தப் பாக்க ஒரு போட்டாகூட இல்லாமப் போச்சே" என்று சொல்லிச் சொல்லியே அழுதாள்.

என் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. பலகையிலும் தகரத்திலும் குட்டி வண்டிகள் செய்வதில் அவனுக்கு ஒரு பைத்தியம். "மாமா வண்டியவாச்சும் செஞ்சு தர்றேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, ஸ்டாண்டில் நின்ற ஜீப்புகளை நூல் பிடித்து அளந்து, அளவு பிசகாமல் சுருக்கினான். மதுரையில் வாங்கிய அக்ரிலிக் பெயிண்டில் மாமா வண்டியின் அதே பச்சையை அடித்தான். அது நன்றாகக் காய்ந்த பிறகு, டர்பன்டைனில் கரைத்த எண்ணெய் வண்ணத்தை மேலே ஓடவிட்டான். எண்ணெய் மேலேதான் வரவேண்டும், அடியில் போனால் அக்ரிலிக் ஒட்டாமல் உரிந்துவிடும் என்பான். நீர்த்த பழுப்பு, கதவு இடுக்கிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் போய்த் தங்கியது. அசல் மலைச்சேறுதான். ஈரம் காயட்டும் என்று நான் சொன்னதைக் கேட்காமல் மறுநாளே எடுத்துக்கொண்டு கிளம்பினான். நானும் கூடப் போனேன்.

பார்த்த மாத்திரத்தில் அத்தை பேயறைந்த மாதிரி நின்றுவிட்டாள். பிறகு போட்டாளே ஒரு கத்து! "அவுக வண்டிய என்னைக்குடா இப்பிடிப் பாத்த? பொழுது சாஞ்சா கழுவித் தொடைக்காம வீட்டுக்குள்ள காலு வைக்க மாட்டாகளே! இது பள்ளத்துல கெடந்த வண்டில்ல!"

அண்ணன் முகம் செத்துவிட்டது. கயிறு கட்டி ஜீப்பை மேலே இழுத்தபோது பக்கத்தில் நின்றவன் அவன். அந்தக் கோலத்தையே, தன்னை அறியாமல், இடுக்கு விடாமல் தீட்டியிருக்கிறான்.

"ஆத்தா, வெரசா மண்ணெண்ணெயக் கொண்டா" என்றாள் அத்தை என்னிடம். கொளுத்திவிடுவாளோ என்று பயந்துகொண்டேதான் கொடுத்தேன். அவள் பழந்துணியை நனைத்து, மாமா துடைக்கிற மாதிரியே முன்கண்ணாடியிலிருந்து ஆரம்பித்தாள். சேறெல்லாம் துணிக்கு வந்துவிட்டது. அடியிலிருந்த பச்சை கொஞ்சமும் கலங்கவில்லை. துடைத்து முடித்ததும் ஜீப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்காக" என்றாள். அண்ணன் வாசலுக்குப் போய் விம்மி விம்மி அழுதான்.

அத்தை காலமான பிறகு ஜீப்பு என்னிடம் வந்தது. இன்று தூசி தட்டும்போது முதன்முறையாக அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். வண்டியின் அடிப்பக்கத்தில், அத்தையின் துணி எட்டாத இடத்தில், அந்தச் சேறு அப்படியே இருக்கிறது. பதறிப்போய்க் கடைக்கு ஓடி டர்பன்டைன் வாங்கி வந்தேன். அன்று ஈரமாயிருந்த எண்ணெய் வண்ணம் இத்தனை வருஷத்தில் கல்லாய் இறுகிவிட்டிருந்தது. கை வலிக்கத் துடைத்துவிட்டுத் துணியை விரித்துப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.