நடிப்பில் சேராத இடது கண்

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அவர். இப்போது வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து நோயாளியாக நடிப்பதுதான் வேலை. ஆன்லைன் வகுப்பில் மருத்துவ மாணவர்களும் கால்நடை மருத்துவ மாணவர்களும் அவரிடம் பேசிப் பழகுவார்கள். தன் முகம் தனக்கே தெரிந்தால் நடிப்பு கெடும் என்று, திரையில் தன் படத்தை மட்டும் மறைத்துவிடுவார்.

"காலையில சர்க்கரை வியாதி, மத்தியானம் மாட்டுக்காரர். ராத்திரி சாப்பிடவாவது என் புருஷனா வாங்க" என்பாள் மனைவி.

நடிப்பில் சேராத ஒன்றும் அவரிடம் இருந்தது. இடது கண் மெல்ல மெல்ல மங்கி, இப்போது அந்தப் பக்கமே இருட்டு. யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. டாக்டரிடம் போனால் திரையைப் பார்க்காதே என்பார். இந்த வேலையும் கையைவிட்டுப் போகும். ஸ்டியரிங்கை விட்ட புதிதில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாரே, அந்த நாட்களுக்குத் திரும்ப அவருக்குத் தெம்பில்லை. மருத்துவ மாணவர்கள் எத்தனையோ பேர் அவரைத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் இது தட்டுப்படவில்லை.

அன்று திரையில் வந்தவள் கால்நடை மருத்துவ மாணவி. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வாய் திறக்கவே கூச்சப்படுவாள் என்று ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார். அவரும் திரையின் ஓரத்தில் கவனித்துக்கொண்டிருந்தார். டிரைவருக்குக் கிழட்டு நாயின் சொந்தக்காரர் வேடம். நாய் இரை எடுப்பதில்லை என்று குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டு, இடப்புறமிருந்த டம்ளருக்குக் கை நீட்டினார். கை வெறும் காற்றைத் துழாவியது. பிறகு தலையை முழுக்கத் திருப்பி எடுத்தார்.

நடிப்பை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க மாணவர்களுக்கு அனுமதி உண்டு. அவள் நிறுத்தினாள்.

"ஐயா, அந்தப் பக்கம் எதுன்னாலும் தலையோட திரும்புறீங்க. இது உங்க வேஷத்துல இருக்கா?"

"நடிப்புதாம்மா" என்று சிரித்தார். இந்தத் தொழிலில் அப்படியொரு வசதி: எதில் மாட்டிக்கொண்டாலும் நடிப்பு என்று தப்பிக்கலாம், பாராட்டும் கிடைக்கும்.

அவள் மறுத்துப் பேசவில்லை. பேசவே இல்லை. வேறு யாராவது என்றால் நெட் போய்விட்டதா, கேட்கிறதா என்று தவித்திருப்பார்கள். இவள் வாயில்லா ஜீவன்களிடம் நோவைத் தேடிப் பழகியவள். கன்று நிற்கிற நிலையை வைத்தே எந்தக் கால் வலிக்கிறது என்று அறிகிறவள். அவரையே பார்த்தபடி காத்திருந்தாள். ஊர் உலகத்தையே ஏற்றி இறக்கியவர் அவர். தன்னை இப்படி ஒரு ஜீவன் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

"இடது கண்ணு தெரியலம்மா" என்றார்.

வலி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். தான் மனுஷ டாக்டர் இல்லை என்றும், கண் மருத்துவரிடம் உடனே போகவேண்டும் என்றும் நிதானமாகச் சொல்லிவிட்டு, "வீட்டுல அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. சொன்னா ஆடிப்போயிடுவா."

மாணவி தயங்கினாள். "ஐயா, அம்மா உங்க இடது பக்கம்தான் நிக்கிறாங்க. ரொம்ப நேரமா."

அவர் தலையை முழுக்கத் திருப்பினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைப்பக்கம் குனிந்தாள்.

"டீச்சரம்மா, நாளைக்கு வகுப்புக்கு வேற ஆளைப் பாருங்க. நாளைக்கு இவர் நெஜமாவே நோயாளி."