குனியாதே என்று சொன்ன வீடு

எண்பதுகளின் தொடக்கம். என் மகள் அப்போது கைக்குழந்தை. பருத்திப்பட்டில் எங்கள் வீட்டெதிரே இருந்த அடிபம்பில் தண்ணீர் அடித்து, நிறைகுடத்தைத் தூக்கினேன். முதுகில் சுளீரென்றது. அதற்குமேல் நிமிர முடியவில்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சவ்வு விலகியிருக்கிறது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்தார். "குழந்தையை?" என்று கேட்டேன். "அதுவும் கனம்தானே?" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு வேறு பெயரே கிடையாது. ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், "குனியாத, குனியாத!" என்று கூடத்திலிருந்து கணவர் கத்துவார். "நீங்க குந்துங்க அண்ணி, நான் எடுக்கறேன்" என்று நாத்தனார் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவருவாள். பக்கத்து வீட்டுக்காரர்கூட மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்பார். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசத்தில் எனக்கு மூச்சு முட்டியது. இத்தனை பேர் காவல் காத்தும் வலி மட்டும் ஒரு நாளும் லீவு போடவில்லை.

என் மகள் நாத்தனாரின் இடுப்பிலேயே வளர்ந்தாள். பால் கொடுக்க என் மடியில் வைப்பார்கள், குடித்து முடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நடக்கத் தொடங்கியபின் தூக்கச் சொல்லி அவள் கை நீட்டியதெல்லாம் அத்தையிடம்தான். வேண்டுமென்றே அவள் எதிரில் போய் நிற்பேன். என்னைச் சுற்றிக்கொண்டு அத்தையிடம் ஓடுவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எங்கம்மா முதுகு ஒடஞ்சி கீது, தூக்க மாட்டாங்க" என்று பெருமையாகச் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

அவளை ஒரே ஒரு தடவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை போய்வந்தால் போதும் என்று ஏங்கினேன். ரேஷன் கடை வரிசையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "சனியனே, கொஞ்சம் இறங்கித் தொலையேன்" என்று அலுத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும்.

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், பெரிய வெள்ளிக்கிழமை. கோவிலில் பீடத்தடியில் தரையோடு சாய்த்து வைத்திருந்த, சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தில் முத்தமிட்டு முத்தி செய்ய வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. நான் முழங்காலிட்டேன், பாதம்வரை குனிந்தேன், முத்தி செய்தேன், எழுந்து வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், நாத்தனார் வாயில் கைவைத்து என்னையே பார்ப்பது தெரிந்தது. எனக்கு வலிக்கவே இல்லை.

புதுமை நடந்துவிட்டது, ஆண்டவர் செய்த அற்புதம் என்று தெருவே பேசியது. குணமான உறுப்பின் உருவை வெள்ளித் தகட்டில் வாங்கிக் காணிக்கை போட வேண்டுமென்று நாத்தனார் பிடிவாதம் பிடித்தாள். கை, கால், கண் எல்லாம் கிடைத்தது, முதுகு மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. தேடி முடிப்பதற்குள் வலி திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை அதை வெளியே சொல்லவும் வழியில்லை. புதுமை நடந்த பெண் எந்த முகத்தோடு முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, பூந்தமல்லியில் உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்ணிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவள். புதிதாகப் படம் எடுத்துவரச் சொன்னாள். முதுகை அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, "என்னிக்காவது வலிக்காம குனிஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். சிலுவை முத்தியைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சாமி செஞ்சார்னா சந்தோஷம்தான். ஆனா ஒடஞ்ச முதுகு அப்படி வளையாதுங்க. அன்னிக்கு உங்க பின்னால நின்னவங்க யாராவது குனியாதன்னு சொன்னாங்களா?"

இல்லை. சீக்கிரம் குனி என்றுதான் தள்ளினார்கள்.

"காயம் எப்பவோ ஆறிடுச்சு. திருடன் போன பிறகும் வாட்ச்மேன் விசில் ஊதிக்கிட்டே இருக்கான். வலி நிஜம்தான், நீங்க பொய் சொல்லல. அவனுக்குப் பயம் தெளியணும்."

முதல் நாள் அவள் எதிரில் தரையிலிருந்த ஒரு துண்டை எடுக்கச் சொன்னாள். மூச்சை மெதுவாக விட்டபடி குனிந்தேன். அழுகைதான் வந்தது. எதற்கு அழுகிறேன் என்று கேட்டாள். குழந்தையைப் பற்றி முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்தபோது முதுகு சற்றுத் தளர்ந்திருந்தது.

வலி திரும்பியதை வீட்டில் சொல்லிவிட்டு, அந்த ஒரு சொல்லை இனி யாரும் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டேன். கணவர் வாயைப் பொத்திக்கொண்டு தவித்தது பார்க்கப் பாவமாக இருந்தது. பெல்ட் பரணுக்குப் போனது. வலி வரும்போது, "வந்தியா? குந்து. எனக்கு அரிசி களையணும்" என்பேன். சில நாள் அது சொன்ன பேச்சைக் கேட்டது. சில நாள் என்னைப் பாயில் தள்ளிவிட்டுத்தான் போனது. அந்த நாட்களில் பரண்மேல் ஏறி பெல்ட்டை எடுத்துவிடலாமா என்றுகூட இருக்கும். ஆனாலும் சொம்பு, வாளி, பாதிக் குடம் என்று மெல்ல மெல்ல முன்னேறினேன். இதற்கிடையில் நாத்தனார் கல்யாணமாகிச் சென்னீர்குப்பம் போய்விட்டாள். நிறைகுடம் இடுப்புக்கு ஏறிய அன்று, எனக்கு நினைவு வந்தது குடமல்ல.

அப்போது என் மகள் நாலாம் வகுப்பு. சாயங்காலம் பள்ளிவிட்டு ஏரிக்கரையோரமாக வந்துகொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன். "வா, தூக்கறேன்" என்றேன்.

"இன்னாமா நீ, நான் இன்னா கொயந்தையா?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் குனிந்து, அள்ளித் தூக்கி, இடுப்பில் வைத்தேன்.

அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. அத்தையின் இடுப்பில் அப்படி ஒட்டிக்கொண்டு திரிந்தவள், காலை எங்கே வைப்பது, கையை எங்கே போடுவது என்று தெரியாமல் விறைத்துக்கொண்டிருந்தாள். செருப்பு என் முழங்காலுக்குக் கீழே இடித்தது. நான் நடந்தேன்.

"முதுகு வலிக்குதாம்மா?"

"இல்லடி. கொஞ்சங்கூட வலிக்கல."

"அப்போ ஏம்மா அழுவுற?"