நீல மழைக்கோட்டு

பாலியூரித்தேன் என்ற சொல்லைப் பாடத்தில் சொல்லும்போது இன்றும் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. பிளஸ் டூ பிள்ளைகள் அது தேர்வில் வரும் கேள்வி என்று நினைத்து அடிக்கோடு போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அம்மாவின் இருமல்தான் கேட்கும். அதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

நான் கோத்தகிரியில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அம்மா அரவேணுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். சின்னப் பெண்ணாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். அங்கே பேசிய சொற்களில் பாதியை இன்னும் விடவில்லை. இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த பிளாஸ்டிக் தாளை அவள் ‘படங்கு’ என்பாள். தேயிலைச் செடி இடுப்பு உயரம். மழை நின்ற பிறகும் செடி நனைந்தேதான் இருக்கும். படங்கு இல்லாமல் ஒரு நிரை ஏறி இறங்கினால் பாவாடை வரை ஊறிப்போகும், கவாத்து வெட்டிய குச்சி சேலையைக் கிழிக்கும். ஓரம் பிய்ந்துவிடாமல் இருக்க அம்மா தன் படங்குக்குச் சிவப்புச் சேலைத் துண்டை மடித்து, கோணி ஊசியால் சுற்றிலும் தைத்திருந்தாள். எத்தனை படங்குகளுக்கு நடுவே கிடந்தாலும் அம்மாவுடையது தனியாகத் தெரியும்.

அந்தத் தாள் பாலித்தீன். கரியும் ஹைட்ரஜனும் மட்டும் கைகோத்து நிற்கிற நீண்ட சங்கிலி. தண்ணீர் பற்றிக்கொள்ள அதில் ஒரு பிடிப்பும் கிடையாது. வந்த வழியே வழிந்து போகவேண்டியதுதான். பார்க்க அழகில்லை. நடந்தால் சரசரக்கும். ஆனால் வருஷக்கணக்கில் ஏமாற்றாது.

இதைத்தான் எஸ்டேட் பிடுங்கிக்கொண்டது. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் சார்பில் சான்றிதழ் கொடுக்க ஆட்கள் வரப்போகிறார்களாம். தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக்கும் அவர்கள் கண்ணில் படக்கூடாதாம். பழைய தாளைக் கொடுத்துவிட்டுப் புது மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் தொரை. மேனேஜரை இங்கே இப்போதும் தொரை என்றுதான் சொல்கிறோம். அதிலும் எனக்குக் கோபம் உண்டு. பெண்கள் அசையவில்லை. கோட்டும் வேண்டும், படங்கும் வேண்டும் என்றார்கள். தொரை ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ‘நீங்க படிச்சவங்க, லைன் வீட்டுலயே பொறந்தவங்க, நீங்க சொன்னா கேப்பாங்க’ என்றார். என் அம்மா ஒருநாளும் உட்காராத அறையில் எனக்கு நாற்காலி. தலைகால் புரியவில்லை எனக்கு.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெண்கள் கூடும் இடத்தில், பாடம் நடத்தினேன். நீலக் கோட்டை விரித்துப் பிடித்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். முத்து முத்தாக உருண்டு ஓடியது. மேலே நைலான் துணி, உள்ளே பாலியூரித்தேன் பூச்சு, தண்ணீர் உள்ளே வர வழியே இல்லை என்றேன். பேசிக்கொண்டே உள்பக்கத்தைத் தொட்டேன். லேசாகப் பிசுபிசுத்தது. புதுத் துணி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வேதியியலில் முதுகலை படித்த விரல்கள் இவை.

முதலில் அம்மாதான் வந்தாள். இடுப்பிலிருந்து படங்கை அவிழ்த்து, மடித்து, என் காலடியில் வைத்தாள். அவள் வைத்த பிறகு மற்றவர்களும் வைத்தார்கள். ஆபீஸ்காரர்கள் எல்லோரையும் கோட்டோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மலைக்கு அதுதான் பெருமழை. மூன்றாவது வாரமே அம்மாவின் கோட்டு தோளில் உரிய ஆரம்பித்தது. உள்பூச்சு பொடுகு மாதிரி ரவிக்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வருபவளைப் பிழிந்து காயப்போடலாம் போல இருக்கும். காய்ச்சல் வந்தது. அது போனபின் இருமல் தங்கிவிட்டது. லீவு போடச் சொன்னால் கேட்கமாட்டாள். பக்கத்து வீடுகளிலும் இருமல்.

பெண்கள் முறையிட்டபோது ஆபீசிலிருந்து ஒரே பதில் வந்தது: சோப்புப் போட்டுத் தேய்த்தீர்கள், கெட்டுப்போனது. கூடவே எனக்கும் ஆள் வந்தது, டீச்சர் வந்து துவைக்கும் முறையைச் சொல்லித்தர வேண்டுமாம். போனேன். வெட்கமில்லாமல் போனேன். அம்மா துவைக்கிற கல்லில் பார் சோப்பும் பிரஷும் இருந்ததை நானே பார்த்திருந்தேன். தேயிலைக் கறை சும்மா போகுமா, பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறாள். சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அலசாமல் துணியில் தங்கிய சோப்பு தண்ணீரை உள்ளே கூட்டிவரும் என்று விளக்கினேன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. கோட்டின் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்காமல் இப்படியா தேய்ப்பது என்று வேறு கேட்டேன். எழுதியிருந்தது இங்கிலீஷில். கூட்டத்தின் நடுவில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டு நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டு அக்கா ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். நல்ல பொருள் கையில் வந்தால் உடனே எடுத்து உடுத்துகிற பழக்கம் எங்கள் லைன் வீடுகளில் கிடையாது. புதுக் கம்பளி, எவர்சில்வர் செட்டு எல்லாம் பெட்டியில்தான் இருக்கும். அக்காவும் கோட்டைத் திருவிழாவுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பூட்டி வைத்துவிட்டு, உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாள்.

“டீச்சர், இதுக்கு நான் தண்ணியே காட்டலைங்க. சோப்பு எங்கீங்க போடறது?”

பெட்டியிலிருந்து எடுத்தால் கோட்டு ஒரே கட்டியாக வந்தது. கையும் முதுகும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது பிளாஸ்திரி உரிக்கிற சத்தம். பூச்சு முழுவதும் பசையாக என் விரலில் வந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாலித்தீன் சங்கிலியில் தண்ணீருக்குப் பிடிப்பு இல்லை. பாலியூரித்தேனில் மலிவான ஒரு வகையில் எஸ்டர் கண்ணிகள் உண்டு. ஈரக்காற்றும் வெக்கையும் சேர்ந்து வருஷக்கணக்கில் பட்டால் தண்ணீர் அந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். நீரால் பகுத்தல் என்று நானே கரும்பலகையில் எழுதுவேன். முதலில் பிசுபிசுக்கும், பிறகு உரியும். பெரட்டுக்களத்தில் என் விரல் தொட்டது அந்தப் பிசுபிசுப்பைத்தான்.

நேரே ஸ்டோர் பார்க்கிறவரிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அந்தக் கோட்டுகள் எப்போதோ வந்தவை, நாலைந்து மழைக்காலமாக ஃபேக்டரியில் தூள் காயவைக்கிற டிரையர் அறையின் சுவரை ஒட்டிக் கிடந்தன என்றார். “ஏனுங்க டீச்சர், வீணாப் போறதுக்கு ஆளுகளுக்காவது ஆகட்டும்னு எடுத்தாங்க” என்று சாதாரணமாகச் சொன்னார். வீணாய்ப் போனதைத்தான் ஆளுகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீணாய்ப் போகாததை அவர்களிடமிருந்து பிடுங்கியிருக்கிறார்கள்.

பங்களாவுக்கு நடந்தேன். தொரை கோயம்புத்தூர் போயிருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் குளிர்காயும் அடுப்புக்கான விறகை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதன்மேல் சிவப்பு ஓரம் தைத்த ஒரு தாள். அதன் கீழே, பக்கத்தில், சுற்றிலும், பெரட்டுக்களத்தில் என் காலடியில் வைத்த அத்தனை படங்குகளும். சான்றிதழ்காரர்கள் பங்களாக் கொல்லைக்கா வரப்போகிறார்கள்.

“வெறகு நனைஞ்சா பொகையுதுங்க. தொரையம்மாவுக்கு ஆகாதுங்க” என்றார் காவல்காரர்.

அவருக்குப் பதில் சொன்னால் வாயில் வரக்கூடாததெல்லாம் வந்துவிடும். அடியில் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு குச்சிகூட நனையவில்லை. அம்மாவின் படங்கை மட்டும் இழுத்து எடுத்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏதோ சாதித்துவிட்ட மாதிரி அவள் மடியில் போட்டேன்.

அம்மா சிவப்பு ஓரத்தைத் தடவினாள். எங்கே இருந்தது என்று சொன்னேன். இருமி முடித்துவிட்டுக் கேட்டாள்.

“மத்தவங்களுது?”

“உன்னோடது மட்டும் எடுத்துட்டு வந்தேன்.”

“அப்ப இதையும் கொண்டுபோய் அங்கனயே போட்டுரு புள்ள. எல்லாத்துக்கிட்டயும் சேத்துத்தானே வாங்குன.”

மழை விடவில்லை. அம்மாவின் படங்கை எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு திரும்பப் போனேன். காவல்காரர் தடுத்துப் பார்த்தார். பிறகு அவரே ஒரு மூட்டையைத் தூக்கி அக்காவின் தலையில் ஏற்றிவிட்டார். மூன்று நடையில் எல்லாவற்றையும் பெரட்டுக்களத்தில் கொண்டுவந்து இறக்கினோம். விறகு நனைந்தது. நன்றாக நனையட்டும் என்றிருந்தது.

மறுநாள் பெரட்டுக்கு யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். பீல்டு ஆபீசர் குறுக்கே ஏதோ சொல்லவந்தார், நான் பேச்சை நிறுத்தவில்லை. கோட்டு வரும்போதே கெட்டு வந்தது, உங்கள் சோப்பில் தப்பில்லை, தொட்டுப் பார்த்தும் உங்களுக்கு நல்லதென்று சொன்னது நான்தான் என்றேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்து அவரவர் படங்கைத் தேடி எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். முன்பு முதல் ஆளாக வைத்த அம்மா, கடைசி ஆளாக வந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டாள்.