கூழ்க் கிண்ணப் போட்டியின் மெய்யான வரலாறு

ஆட்களின் பேரைச் சொல்லமாட்டேன். கல்லூரிகளின் பேரையும் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல்லூரிகள், நடுவில் ஒரு மைதானம். இவ்வளவு தெரிந்தால் போதும். அதற்குமேல் துருவுகிறவர்கள் எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

குற்றம் என்னுடையதுதான். மொன்றியலில் எங்கள் சங்கம் வருடத்துக்கு ஒரு விருந்து வைக்கும். விருந்துக்கு ஒரு மலர் வெளியிடும். மலருக்கு ஆசிரியன் நான். என்ன தகுதி என்று கேட்டால், தமிழில் தட்டச்சு அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மலர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தலைவரின் வாழ்த்துச் செய்தி, செயலாளரின் வாழ்த்துச் செய்தி, வருடா வருடம் அதே பழைய படத்தில் அதே கறுத்த தலைமயிர், பிறகு வீடு விற்கிறவர்களின் விளம்பரங்கள். அந்த முறை அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது, கார் ஓட்டப் பழக்குகிற ஒருவர் தன் விளம்பரத்தை நிறுத்திவிட்டார். நட்ட நடுவில் ஒரு முழுப் பக்கம் வெறுமையாக நின்றது.

"ஏதாவது வரலாறு போடும் ஐசே," என்றார் தலைவர் தொலைபேசியில். "வரலாறு எண்டா ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். பிரச்சினை வராது."

அன்று பின்னேரம் நான் மகளின் விளையாட்டைப் பார்க்கப் போயிருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கிற கல்லூரியில் இருக்கிறாள். பெண்கள் இடுப்பில் நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடுகிற ஃபுட்போல். நாங்கள் ஊரில் உதைத்த பந்து அல்ல, இந்த நாட்டுப் பந்து. முட்டை வடிவம். பேர்தான் கால்பந்து, காலில் படுவது அபூர்வம். ஐந்து விநாடி ஓடுகிறார்கள், பிறகு வட்டமாகக் கூடி நின்று கதைக்கிறார்கள். திரும்பவும் ஐந்து விநாடி ஓடுகிறார்கள், திரும்பவும் கதைக்கிறார்கள். எங்கள் நிர்வாகக் குழுவும் இப்படித்தான், ஓடுவது மட்டும் இல்லை. இரண்டரை மணித்தியாலம் குளிரில் விறைத்திருந்தும் யார் வென்றது என்று எனக்கு விளங்கவில்லை.

வரும் வழியில் மகள் விளக்கினாள். "அமெரிக்காவில கொலிஜ் ரீம்கள் சீசன் முடிய ஒரு பெரிய மட்ச் விளையாடும் அப்பா. அதைக் கிண்ணம் எண்டு சொல்லுவினம். பழத்தின்ர பேர், பூவின்ர பேர், கடையின்ர பேர், என்ன பேரும் வைப்பினம்."

"என்ன பேரும் வைக்கலாமோ?"

"ஓம். ஆரும் கேக்கமாட்டினம்."

நோத்ர-டாம்-த-கிரேசில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில், தேத்தண்ணி ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். ஒடியற்கூழ்க் கிண்ணப் போட்டியின் வரலாறு. ஊருக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தன் பெட்டிக்குள் ஒரு முட்டைப் பந்தும் கொண்டுவந்தார் என்று தொடங்கினேன். அதைப் பப்பாசிப்பழம் என்று நினைத்து அவருடைய சமையற்காரர் கத்தியை எடுத்தார். விளையாட்டின் விதிப் புத்தகம் கப்பலில் வந்து சேர மூன்று வருடம் எடுத்தது. வந்த பொதியைப் பிரித்தால் உள்ளே ஞானப்பாட்டுப் புத்தகம். ஆகையால் முதல் போட்டியில் இரண்டு கல்லூரிகளும் ஒரே பக்கத்துக்கு ஓடி, ஒரே கோட்டைக் கடந்து, இரண்டும் வென்றதாக அறிவிக்கப்பட்டன. தலைக்கவசம் கிடையாது. ஓலைக் கடகத்தைக் கவிழ்த்துத் தாடையோடு கட்டிக்கொண்டார்கள்.

ஒரு வருடம் மேய்ந்துகொண்டிருந்த ஆடு பந்தைக் கவ்வி எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆட்டுக்காரரின் மருமகன் எங்கள் கல்லூரியில் படித்தபடியால் புள்ளிகள் எங்களுக்கே என்று தீர்ப்பானது. இன்னொரு வருடம் நடுவர் எதிர்க் கல்லூரி அதிபரின் மருமகன். மாமனார் முறைக்கும்போதெல்லாம் விசில் ஊதினார். வென்ற அணிக்குப் பரிசு ஒரு பெரிய சட்டி நிறைய ஒடியற்கூழ், பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற எங்கள் ஊர்க் கூழ். கப்டன் முதலில் குடிக்கவேண்டும், தோற்றவர்கள் சட்டி கழுவவேண்டும். எங்களுக்குக் கொஞ்சம் மூத்தவர்களின் காலத்தில், எங்கள் கல்லூரி வென்ற கடைசிப் போட்டியில், இருந்த ஒரே பந்து பனங்கருக்கில் குத்தி வெடித்தது. அத்தோடு போட்டியும் நின்றது.

கடைசியில் 'யாவும் கற்பனை' என்று கவனமாகப் போட்டேன். சத்தியமாகப் போட்டேன். ரொறன்ரோவில் பக்கம் அமைத்த பிரகிருதி, அந்த வரியைத் தூக்கிவிட்டு ஒரு கொத்துரொட்டிக் கடையின் வாழ்த்தை அங்கே செருகிவிட்டது.

விருந்து முடிந்த மறுநாள் தலைவர் அழைத்தார். அவருக்கு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இரண்டு கராஜ் வைத்த வீடு. குரலும் அந்த வீட்டின் அளவு. திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டு எடுத்தேன்.

"ஐசே, அந்தக் கடைசி மட்ச் உமக்கு எப்பிடித் தெரியும்? நீர் அப்ப சின்னப் பெடியன் எல்லே."

"தலைவர், அது பகிடிக்கு..."

"அதில கப்டன் நான்தான்."

அவர் ஓடியதையும், கடகம் கண்ணை மறைத்ததையும், பந்து வெடித்த சத்தத்தையும் முக்கால் மணித்தியாலம் சொன்னார். அது கற்பனை என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். "வரலாற்றில பகிடி விடாதேயும்," என்று அதட்டினார்.

பிறகு சங்கத்தின் வட்ஸ்அப் பற்றி எரிந்தது. ஒருவருக்கு முழங்கால் நோ வந்ததே அந்த மட்சில்தானாம். இன்னொருவர், அந்த ஆடு தங்கள் வீட்டு ஆடு என்றார், அதன் நிறத்தையும் சொன்னார். நடுவரின் விசில் தன்னிடம் இருந்ததாகவும் இடம்பெயர்ந்தபோது தொலைந்துபோனதாகவும் ஒருவர் எழுதினார். அதற்கு எண்பது பேர் கைகூப்பினார்கள். என் மனைவி வாசித்து வாசித்துச் சிரித்தாள். "நீங்கள் இவ்வளவு காலமும் எழுதினதில ஆக்கள் நம்பினது இது ஒண்டுதான்," என்றாள்.

அது அதோடு அடங்கியிருக்கும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு விழா இல்லாமல் அடங்கத் தெரியாது. கடைசிப் போட்டியில் பங்குபற்றி உயிரோடு இருப்பவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பது என்று முடிவாயிற்று. பேர்களைச் சேர்க்கும் வேலை வரலாற்றாசிரியருக்கு. அதாவது எனக்கு.

இங்கேதான் அண்ணை வருகிறார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் அல்ல. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொள்கலன் பிரிக்கிற களஞ்சியத்தில் எனக்கு வேலை எடுத்துத் தந்தவர். இன்றைக்கும் காலையில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டு போகிறவர். தலைவரைவிட இரண்டு வயது மூப்பு. சங்கத்தில் எந்த விழா என்றாலும் முதலில் வந்து நிற்பார், வேலை எல்லாம் செய்வார், மேடைக்குப் போகமாட்டார். எந்த வகுப்பில் படித்தவர் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு காலை, காரில், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தம்பி, அந்தக் கடைசி மட்சில நானும் இருந்தனான்."

மற்றவர்கள் சொன்னபோது சிரிப்பு வந்தது. இவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நீங்களுமா அண்ணை என்று மனதுக்குள் நொந்துகொண்டேன். பிறகு, ஊரில் உள்ள புளுகர்கள் எல்லாம் பொன்னாடை வாங்கும்போது இந்த மனிசன் ஒன்று வாங்கினால் என்ன என்று நினைத்தேன். பட்டியலில் ஏழாவதாக அவர் பேரை எழுதினேன். அவர் ஒட்டாவாவில் இருக்கும் மகளை விழாவுக்கு வரச் சொன்னார். புதுச் சேட்டும் வாங்கினார்.

பட்டியலைப் பார்த்த தலைவர் அரை மணித்தியாலத்தில் அழைத்தார். "ஏழாவது பேரை வெட்டும்."

"ஏன்?"

"அவர் எங்கட கல்லூரியே இல்லை. எனக்குத் தெரியும். நீர் வெட்டாட்டி, சபையில வைச்சு நானே கேப்பன், எங்க விளையாடினனீர் எண்டு."

வந்த ஆத்திரத்தில் தொலைபேசியைச் சுவரில் அடித்திருப்பேன், ஆனால் அதற்கு இன்னும் தவணைக் காசு கட்டி முடியவில்லை. என் குசினியில் பிறந்த ஒரு மட்சுக்கு இவர் கப்டன், மற்றவர் கள்ளனா? மேடையில் ஏறி எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன் என்று மனைவியிடம் கத்தினேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"உடையுங்கோவன். தலைவருக்கு ஒண்டும் நடக்காது. நல்ல பகிடி எண்டு சிரிச்சுப்போட்டு வீட்டை போயிடுவார். அண்ணைதான் மகளுக்கு முன்னால முழிச்சுக்கொண்டு நிப்பார்."

அவள் சொன்னது சரி. சொன்னாலும் அண்ணைக்கு அவமானம், சொல்லாவிட்டாலும் அண்ணைக்கு அவமானம். அவர் பேரை எழுதியது நான். அடுத்த நாள் காரில் மெல்லத் தொடங்கினேன்.

"அண்ணை, அந்தப் பட்டியல்... சிலபேர் கேள்வி கேப்பினம் போல கிடக்கு. பேரை எடுத்துவிடுவமோ?"

"கேக்கட்டும்," என்றார். "நான் இருந்தனான்."

விழா கோவிலடி மண்டபம் ஒன்றின் நிலக்கீழ் அறையில். நாற்பது, ஐம்பது பேர். ஆறு பேருக்குப் பொன்னாடை போர்த்தியாயிற்று. தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார். மற்றவர்களுக்குத் தலைவர் போர்த்தினார். ஆடு தங்களுடையது என்ற ஆட்டுக்காரரும் ஒன்று வாங்கினார். நான் ஒலிவாங்கியில் ஏழாவது பேரை வாசித்தேன். தலைவர் ஒலிவாங்கியை என் கையிலிருந்து எடுத்தார்.

"ஒரு சின்னச் சந்தேகம்," என்றார், முகத்தில் சிரிப்போடு. தன்னைவிட மூத்த மனிதரை 'நீர்' போட்டுக் கேட்டார். "நீர் எந்த இடத்தில விளையாடினனீர்?"

அண்ணை கதிரையை விட்டு எழுந்தார். பக்கத்தில் மகள்.

"நான் விளையாடேல்லை," என்றார் அண்ணை.

தலைவர் தலையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"விளையாடினன் எண்டு நான் ஆருக்கும் சொல்லேல்லை. இருந்தனான் எண்டுதான் சொன்னனான். கூழ் காய்ச்சினது நான்."

நான் அந்த வரலாற்றில் ஆட்டுக்கு இடம் கொடுத்திருந்தேன், நடுவரின் மாமனாருக்கு இடம் கொடுத்திருந்தேன். கூழை யார் காய்ச்சியது என்று ஒரு வரி எழுதவில்லை. அது எனக்குத் தோன்றவேயில்லை.

"எங்கட வீட்டு முத்தத்தில, எங்கட சட்டியில காய்ச்சினனான்," என்றார் அண்ணை, ஒவ்வொரு சொல்லாக. "நண்டு, றால், திருக்கை, பயித்தங்காய், பிலாக்கொட்டை. நீங்கள்தானே வெண்ட கப்டன். முதல்ல நீங்கள்தான் குடிச்சனீங்கள். என்ர கையாலதான் வாங்கினனீங்கள். ரண்டாந்தரமும் கேட்டனீங்கள். மறந்துபோனீங்களோ?"

தலைவர் இல்லை என்றால், குடிக்கவில்லை என்றாகிறது. குடிக்கவில்லை என்றால் கப்டன் இல்லை. போர்த்திய பொன்னாடை தோளில் கிடக்கிறது. நாற்பது முகங்கள் அவரைப் பார்க்கின்றன.

"ஓம்," என்றார். பிறகு, "ஓம் ஓம். இப்ப ஞாபகம் வருது. வாங்கிக் குடிச்சனான். ரண்டாந்தரமும் வாங்கினனான். நல்ல கூழ்."

"உறைப்புக் கொஞ்சம் கூட," என்றார் ஆட்டுக்காரர், முன்வரிசையிலிருந்து.

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் இறங்கிப் போய்த் தன் கையால் அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தினார். மகள் படம் எடுத்தாள். எனக்குச் சந்தோசத்தில் கண்கலங்கியது, ஆனால் ஒன்றும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலை காரில் ஏறியதும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

"அண்ணை, அப்பிடி ஒரு மட்ச் நடக்கவேயில்லை. முழுக்க நான் குசினியில இருந்து எழுதினது."

"தெரியும் தம்பி. அந்த மைதானத்துக்குப் பின்னாலதான் எங்கட வீடு. அங்க முட்டைப் பந்தும் இல்லை, கிண்ணமும் இல்லை."

"தெரிஞ்சுகொண்டோ? அப்ப நீங்களும் ஒரு பந்தைப் பிடிச்சு ஓடியிருக்கலாமே. எல்லாரும் வீரர். நீங்கள் மட்டும் ஏன் கூழ் காய்ச்சப் போனீங்கள்?"

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார்.

"சின்னனில அப்பாவோட தலைவரின்ர வீட்டுக்கு வேலி அடைக்கப் போறனான். என்னை அவருக்கு வடிவாத் தெரியும். எங்களுக்குத் தண்ணி சிரட்டையில ஊத்துவினம். எங்கட வீட்டில பச்சைத் தண்ணி எண்டாலும் அவையள் வாயில வைக்கமாட்டினம். சாதி."

விளக்குப் பச்சையாயிற்று. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அண்ணை அவசரப்படவில்லை.

"சனிக்கிழமை அவ்வளவு சனத்துக்கு முன்னால, என்ர மகளுக்கு முன்னால, என்ர கையால வாங்கிக் குடிச்சனான் எண்டு தன்ர வாயால சொல்லிப்போட்டார். ரண்டாந்தரமும் வாங்கினனான் எண்டார்." காரை மெல்ல எடுத்தார். "எனக்கு அது காணும். அதைப் பொய் எண்டு நீர் இனி ஆருக்கும் சொல்லிப்போடாதேயும், தம்பி."