காய்ச்சலுக்கு ஒரு செட்டு

எங்கள் மாமாவின் மெடிக்கல் ஷாப் செட்டு மாத்திரைக்குப் பேர்போனது. மாமா என்றால் அக்காவின் கணவர். சேலையூரைத் தாண்டி, ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நெல்வயலாக இருந்த இடத்தில் கட்டிய வீடு. முன்பக்கம் கடை, பின்பக்கம் அவர்கள் குடித்தனம், மாடியில் ஒற்றை அறையில் நான். டாக்டரிடம் போக நேரமில்லாதவர்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணா, காய்ச்சல், ஒடம்பெல்லாம் வலி, ஒரு செட்டு குடுங்க" என்பார்கள். மாமா நாலைந்து அட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு மாத்திரைகளை வெட்டி, சின்னக் காகித உறைகளில் பிரித்துப் போட்டுக் கொடுப்பார். அதுதான் செட்டு. மாத்திரையின் பெயர் அச்சடித்த பக்கம் வேறு யாருடைய உறைக்கோ போயிருக்கும். வாங்குகிறவரும் கேட்கமாட்டார். மறுநாள் காலை எழுந்து வேலைக்குப் போய்விடுவார். கைராசிக் கடை என்று எங்கள் பக்கத்தில் பெயர்.

நான் கால்பந்து விளையாடிப் பிழைத்தவன். லெஃப்ட் பேக். எதிராளி ஓடி வரும்போது குறுக்கே போய் நிற்பதுதான் என் உத்தியோகம். அதற்கேற்ற குணமும் உண்டு. கோபம் மூக்குக்கு மேல் வரும், நடுவரிடம் வாயைக் கொடுத்து மஞ்சள் அட்டை வாங்குவதில் எனக்கு நிகர் கிடையாது. நாவலூர்ப் பக்கம் பயிற்சி மைதானம் வைத்திருந்த கிளப்பில் விளையாடிக்கொண்டிருந்தேன். முப்பது தாண்டியவனுக்கு இன்னொரு ஒப்பந்தம் தருவதாக வாய்வார்த்தையில் சொல்லியிருந்தார்கள். அதுதான் என் கடைசி ஒப்பந்தம் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதை வைத்துத்தான் நான் பயிற்சியாளர் படிப்புக்குப் போவதாக இருந்தேன்.

மழைக்காலம். மேட்ச் நெருங்கிய நேரத்தில் காய்ச்சல் வந்தது. கிளப் டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள். சொன்னால் பெஞ்சில் உட்காரவைப்பார்கள், என் இடத்துக்குக் கைகால் துறுதுறுத்துக்கொண்டு ஒருவன் காத்திருந்தான், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. இதையெல்லாம் கேட்கிறவர்கள் ஒரு சீசன் விளையாடிப் பார்த்திருக்க வேண்டும். அக்கா ரசஞ்சாதத்தோடு மாடிக்கு வந்து, ஒரு செட்டை என் கையில் வைத்தாள்.

"பேசாம போட்டுக்கிட்டு படுடா. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு பாரு" என்றாள்.

நான் போட்டுக்கொண்டேன். மேட்ச் அன்று உடம்பு பஞ்சு போல இருந்தது. நன்றாகவும் விளையாடினேன்.

ஆட்டம் முடிந்ததும் ஊக்கமருந்து சோதனைக்காரர்கள் குலுக்கல் போட்டதில் என் எண் வந்தது. விளையாட்டு வீரனின் வாழ்க்கையில் கௌரவமே இல்லாத வேலை அதுதான். ஒருவர் நிழல் மாதிரி கூடவே வருவார், கழிப்பறையிலும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். வேர்த்து வடிந்த உடம்பில் சிறுநீருக்கு எங்கே போவது? பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தேன். சமீபத்தில் என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். "காய்ச்சல் மாத்திரை சார்" என்றேன். என்ன மாத்திரை என்றார். "காய்ச்சலுக்குப் போடுற மாத்திரை" என்றேன். அவரே பாரசிட்டமால் என்று எழுதிக்கொண்டார். நான் எதையும் மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து கிளப் மேலாளர் போன் செய்தார். என் சிறுநீரில் ஒரு ஸ்டீராய்டு இருந்ததாகச் சொன்னார். அதன் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, நேராகக் கடைக்கு இறங்கினேன். மாமா கத்தரிக்கோலோடு நின்றிருந்தார். பெயரைச் சொன்னேன்.

"அதுவா? அது சின்ன வெள்ள மாத்திர. அத்த போடாம செட்டு வேல செய்யாது மச்சான்" என்றார், எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமல்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டார்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"ஊருக்கே அத்தத்தான் குடுத்துகினு கீறேன். உனக்குன்னு தனியா இன்னா பண்ணப்போறேன்? ஃபுட்பால் ஆடறவனுக்கு ஆவாதுன்னு எனக்கு எப்டி தெரியும்?"

எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடி அலமாரியை உடைத்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை. மனிதர் பயந்துபோயிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. விசாரணை முடியும்வரை கிளப்பின் மைதானத்துக்குள் நான் கால் வைக்கக்கூடாது. அணியோடு ஓடக்கூடாது. கால்பந்து சங்கத்தின் கீழ் நடக்கும் எந்தப் போட்டியிலும், தெருமுனைக் கோப்பையாக இருந்தாலும், ஆடக்கூடாது. வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை எடுத்தார்கள். கிளப்பில் எல்லோருடைய பைகளையும் கொட்டிச் சோதித்தார்களாம். புரோட்டீன் பவுடர் டப்பாக்களைக் குப்பையில் போட்டார்களாம். பிசியோதெரபிஸ்டைத்தான் முதலில் பிடித்துக் குடைந்தார்கள். அந்த ஆள் நாட்கணக்கில் அழுதுவிட்டு லீவில் போய்விட்டார். ஜெர்சியில் பெயர் போட்டிருந்த கம்பெனி அடுத்த சீசனுக்கு யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டது. வெளியூர் மேட்ச்களில் என்னோடு ஒரே அறையில் தங்கி, ஒரே டப்பாவில் சாப்பிட்ட நடுக்கள ஆட்டக்காரன் ஒருநாள் போன் செய்தான். "உன்னால எங்க எல்லாரையும் சந்தேகமா பாக்கறாங்க மச்சான். ஃபார்ம்ல இருக்கறவன பாத்தாகூட இவன் இன்னா போட்டுக்கினான்னு கேக்கறாங்க" என்றான். அவனைத் திட்டிவிட்டேன். அவன் சொன்னது நியாயம் என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

எனக்கு ஒரு வக்கீல் அம்மா கிடைத்தார். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "உங்க உடம்புல அது எப்படி வந்துச்சுன்னு நீங்கதான் நிரூபிக்கணும். தெரியாம சாப்பிட்டேன்னு வெறும் வாயால சொன்னா ரெண்டு வருஷம் தடை. கடைக்காரர் எழுதிக் குடுத்தா ஒரு எச்சரிக்கையோடகூட விடலாம்" என்றார். இரண்டு வருஷத் தடை என்றால் என் வயதில் ஆட்டம் முடிந்த கணக்குத்தான்.

எழுதிக் கொடுப்பதில் இருந்த சிக்கலை அக்கா சொன்னாள். டாக்டர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்றதே குற்றம். அதற்கு மேல், கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பார்மசிஸ்ட் சான்றிதழ் மாமாவுடையது அல்ல, மதுராந்தகம் பக்கத்து ஆள் ஒருவருடையது. மாதாமாதம் ஏதோ கொடுத்து அந்தச் சான்றிதழில் கடை நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் பல கடைகள் அப்படித்தான். யாராவது ஒரு வரி எழுதி மேலே அனுப்பினால் கடை போய்விடும். நிலத்தை விற்ற காசெல்லாம் அந்த வீட்டிலும் கடையிலும்தான் இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, நான் பிழைக்க வேண்டுமானால் அக்கா குடும்பம் தெருவுக்கு வர வேண்டும். அவர்கள் பிழைக்க வேண்டுமானால் நான் மருந்தடித்து ஆடியவன் என்ற பெயரோடு காலம் தள்ள வேண்டும். மாடிப்படி கடையை ஒட்டியே இறங்கும். பால் வாங்கப் போனாலும் கடை வாசலில் நிற்பவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். பேப்பரில் என் படம் வந்திருந்தது. "ஊசி போட்டுக்கினு ஆடினாராமே" என்று என் காதுபடவே பேசுவார்கள். பேசிக்கொண்டே அதே வெள்ளை மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க முடியாது. மாடிக்கே திரும்பிப் போய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். விடிந்ததும் கால்கள் தானாக எழுந்து ஓடப் பார்க்கும், அவற்றுக்குத் தடை பற்றி யார் சொல்வது?

மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். தெரிந்த டாக்டர் ஒருவர் பழைய தேதியில் சீட்டு எழுதித் தருவாராம். பள்ளிக்கூட லீவுக்கும் ஆபீஸ் லீவுக்கும் அவரிடம் சர்டிபிகேட் வாங்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. "ஒரு சீட்டு மச்சான், அவ்ளோதான். எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். எனக்குச் சபலம் தட்டியது. வக்கீல் அம்மாவிடம் பட்டும் படாமலும் கேட்டேன்.

"பொய்ச் சீட்டு கண்டுபிடிச்சாங்கன்னா அது தனிக் கேஸ். நீங்க மட்டுமில்ல, எழுதின டாக்டரும் மாட்டுவாரு. அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

வக்கீல் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து மாமா என்னோடு பேசவில்லை. அக்கா இரண்டு பேருக்கும் சோறு போட்டாள், இரண்டு பேரிடமும் மற்றவரைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் நான் கைகழுவும்போது மாமா பின்னால் வந்து நின்றார்.

"எழுதித் தரேன். உன் பேர கெடுத்துகினு நான் கட நடத்தணுமா? கிரவுண்டுக்குப் போய் ஆடு. அது போதும் எனக்கு."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒப்பந்தம் எனக்கு வேண்டியிருந்தது. அழுகை வந்தது, அழுதேன், ஆனாலும் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

விசாரணை வீடியோவில் நடந்தது. மாடியில் நெட் விட்டு விட்டு வரும் என்பதால் கடைக்குப் பின்னாலிருந்த சரக்கறையில், மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். திரையில் மூன்று பேர். "இந்த மாத்திரை எங்கே வாங்கியது?" என்று ஒருவர் கேட்டார். அதே நேரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல், "அண்ணா, காய்ச்சல், ஒரு செட்டு குடுங்க" என்றது. மாமாவின் கத்தரிக்கோல் சத்தம் வரவில்லை. அவர் எனக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. கடையின் பெயரை, தெருப் பெயரை, அவர் என் அக்காவின் கணவர் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். அதன் பிறகுதான் அந்தப் பெண்ணிடம் "டாக்டராண்ட போம்மா" என்று மாமா சொன்னது கேட்டது.

தீர்ப்பு வருவதற்கு முன்பே கிளப் முந்திக்கொண்டது. மருந்து எங்கள் கிளப்பில் கொடுத்ததல்ல, தாம்பரம் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லித் தன் பெயரைத் துடைத்துக்கொண்டது. பேப்பரில் வந்த அந்த வாரமே, மருந்துக் கடைகளைச் சோதிக்கும் டிரக் இன்ஸ்பெக்டர் வந்தார். சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்து, ஆளைக் கூப்பிடு என்றார். கூப்பிட ஆள் இல்லை. லைசென்ஸ் போயிற்று.

மாமா கடையின் போர்டைக் கழற்றிய அன்று காலையில்தான் எனக்குத் தீர்ப்பு வந்தது. பெரிய தவறு இல்லை, எச்சரிக்கை மட்டும், உடனே விளையாடலாம். கிளப் மேலாளருக்குப் போன் செய்தேன்.

"ரொம்ப சந்தோஷம் பிரதர். உங்க மேல தப்பில்லன்னு எங்களுக்கு அப்பவே தெரியும். ஆனா லெஃப்ட் பேக் சைன் பண்ணிட்டோம். ஸ்பான்சரும் கொஞ்சம் ஃபீல் பண்றாங்க. வேற இடத்துல ட்ரை பண்ணுங்க, ரெஃபரன்ஸ் தரேன்" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். மாமா ஏணியில் நின்றிருந்தார். போர்டின் மறுமுனை கைக்கு எட்டாமல் அக்கா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பிடித்தேன்.

"இன்னா ஆச்சு?" என்றார் மாமா, திருகாணியைச் சுற்றிக்கொண்டே.

"விட்டுட்டாங்க மாமா. ஆடலாம்னு சொல்லிட்டாங்க."

அக்கா அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா ஏணியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப கிரவுண்டுக்கு எப்ப போற?"

அந்தப் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கிளப்பில் என் இடம் போய்விட்டதை எப்படிச் சொல்வேன்?

"திங்கக்கெழமையிலேருந்து" என்றேன்.

மாமா இப்போது கூடுவாஞ்சேரியில் வேறொருவர் கடையில் பில் போடுகிறார். அக்கா நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இருவரும் கிளம்புவதற்கு முன்பே நான் ஷூ பையோடு கிளம்பிவிடுவேன். அக்கா டப்பாவில் முட்டையும் சப்பாத்தியும் வைத்துக் கொடுப்பாள். தாம்பரத்தில் பஸ் பிடித்து, நாவலூர் மைதானத்துக்குப் பதில் கோவளம் கடற்கரைக்குப் போவேன். மீன் ஏலம் முடிந்து படகுகள் கரையேறியிருக்கும் நேரம். வேறு கிளப்புகளுக்குப் போன் போட்டுப் பார்ப்பேன். சொல்கிறோம் என்பார்கள். பிறகு மணலில் மூச்சு வாங்கும்வரை ஓடுவேன். ஓடாமல் உட்கார்ந்தும் இருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சாயந்தரம் ஜெர்சியைத் துவைப்பது அக்கா. அது வேர்வையில் நனைந்திருக்க வேண்டும்.