எதிர்ப்பொருள் பிள்ளை வீட்டுக்கு வந்த விதம்

குசகாபே சுமியேவுக்கு வயது ஐம்பத்தாறு. பதினோரு வருஷமாக வாராவாரம் ஒரே படக்கதையை வரைந்து வரைந்து வலது தோள் கல்லாகிவிட்டது. கதாநாயகன் ரெய்தா உடம்பு முழுக்க எதிர்ப்பொருளால் ஆனவன். நம் பொருளோடு பட்டால் இரண்டும் அழிந்து வெறும் வெளிச்சமாகப் போய்விடும் சமாச்சாரம் அது. காந்த உடுப்புக்குள் எதிலும் படாமல் மிதந்தபடியே ஊரைக் காப்பாற்றுகிறான். சுமியேவுக்கு இயற்பியல் சுட்டுப்போட்டாலும் வராது. அந்த வார்த்தை கேட்க நன்றாயிருந்தது, எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

கடைசி அத்தியாயம் வெள்ளிக்கிழமை பத்திரிகைக்குப் போயாக வேண்டும். சொந்த ஊர் தொயாமாவிலிருந்து அப்பா போனில் கேட்டிருந்தார்: "ஏம்மா சுமியே, அந்தப் பையன் கடைசியில வீட்டுக்கு வருவானா?" மகள் வரைவதைப் பற்றி அவர் வாய் திறந்ததே அதுதான் முதல் தடவை. எண்பத்துநாலு வயசுக் கிழவர், புத்தகக் கடையில் நின்றபடியே வாராவாரம் படித்திருக்கிறார்! "வருவான்ப்பா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எப்படி வர வைப்பது என்று யோசித்தாள்.

ரெய்தா உடுப்பைக் கழற்றிவிட்டுத் தன் அப்பாவைக் கட்டிக்கொள்வதாகப் பென்சிலில் போட்டுக் காட்டினாள். பத்திரிகை ஆசிரியை நகுமோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னணி வரையும் மொரொய், இயற்பியல் படிப்பைப் பாதியில் விட்ட மனுஷன், தலையில் அடித்துக்கொண்டான். சுமியேவை அவன் 'சென்செய்', அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவான்.

"சென்செய், இது கட்டிப்பிடிக்கிறது இல்ல, குண்டு. டோக்கியோ இருந்த இடம் தெரியாது."

"அப்பாவையும் எதிர்ப்பொருளா மாத்திட்டா?" என்றாள் நகுமோ.

"அவர் நிக்கிற தரை? விடற மூச்சு?"

"வீட்டையும் மாத்து!"

"ஊரையும் மாத்தணும், நகுமோ மேடம். அப்புறம் இவன் யாரைக் காப்பாத்துறான்?"

"அதிருக்கட்டும்," என்றாள் சுமியே. "பதினோரு வருஷமா இவன் என்னத்தத் தின்னான்?"

"எதிர்ச்சோறு" என்றான் மொரொய்.

"அது எந்த வயல்ல விளையுது?"

சுமியேவுக்குத் தலை கிறுகிறுத்தது. பெற்ற தகப்பனைத் தொட ஒரு வழி கேட்டால் பேச்சு நாற்று நடும் வரை போய்விட்டது.

"சரி, நிஜத்துல எதிர்ப்பொருளை எப்படித்தான் வைக்கிறாங்க?"

"சுத்திக் காந்தம், நடுவுல வெற்றிடம். சுவர்ல படாத வரைக்கும் பத்திரம், சென்செய். தொடாம இருக்கிறதாலதான் அது இருக்கு."

நம் வீடும் அப்படித்தானே என்று நினைத்தாள் சுமியே. அப்பா தன்னைக் கட்டிப்பிடித்தது எப்போது? எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் அகப்படவில்லை. புத்தாண்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ரயில் நிலையத்தின் பயணச்சீட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று இடுப்பு வளைய வணங்குவார். இவளும் வணங்குவாள். தீர்ந்தது. அடக் கடவுளே, நம்மில் யார் யாரைக் கட்டிப்பிடித்தோம், இவன் மட்டும் கட்டிப்பிடிக்க?

அழித்துவிட்டு வரைந்தாள். வாசலில் ரெய்தா, உடுப்போடு. வீட்டுக்குள் ஏறும் படியில் அவன் அப்பா. நடுவே செருப்பு கழற்றும் இடம். இருவரும் வணங்கக் குனிகிறார்கள். இரண்டு பக்கம் முழுக்க அதேதான். மொரொய் கணக்குப் போட்டுப் பார்த்துச் சரியென்று தலையாட்டினான். நகுமோ மறுபடி அழுதாள்.

தொயாமாவில் புத்தாண்டு முடிந்து அவள் கிளம்பும் அன்று அப்பா வழக்கம்போல நிலையத்துக்கு வந்தார். "அந்தப் பையன் வந்துட்டான்" என்றார். சுமியே தடுப்பு இயந்திரத்தில் சீட்டைப் போட்டு உள்ளே போய்த் திரும்பினாள். அவர் குனிந்தார். இந்த வருஷம் நிமிர ரொம்ப நேரமாயிற்று. நாம ரெண்டு பேரும் ஒரே பொருள்தானே, எந்தக் காந்தம் தடுக்கிறது? விடுவிடுவென்று திரும்பி வந்து, தடுப்புக்கு மேலாகவே அவரைக் கட்டிக்கொண்டாள்.

தடுப்பின் தானியங்கிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டு கீ கீயென்று கத்தியது. நிலைய ஊழியர் ஓடிவந்தார். கிழவர் விறைத்து நின்றார்.

"என்னம்மா? யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லப்பா."

"பின்ன எதுக்கு?"

அவள் பிடியை விடவில்லை. கையை எங்கே வைப்பது என்று புரியாமல் கொஞ்ச நேரம் தொங்கவிட்டிருந்த கிழவர், பிறகு அவள் முதுகில் வைத்தார். வண்டி போய்விட்டது.