மாமாவின் லாக்டோமீட்டரும் அம்மாவின் ஏழு காலைகளும்

எங்கள் சேலையூர் தெருவுக்கு அப்போது பால் பாக்கெட்டில் வரவில்லை. மாட்டோடு நடந்து வந்தது. பால்காரர் மாட்டை வாசலில் கட்டி, வெறும் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டுவார். அடியில் தண்ணீர் இல்லையென்று அம்மா தலையசைத்த பிறகே கறப்பார்.

ஒரு மழை நாளில் மட்டும் கொட்டகையிலேயே கறந்து எடுத்து வந்தார். பக்கத்து வீட்டில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், குடியிருப்போர் சங்கச் செயலாளர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் லாக்டோமீட்டரைப் புதிதாக வாங்கியிருந்தவர், அதை அந்தப் பாலில் மிதக்கவிட்டார். இருபத்தேழு காட்டியது. கூட வந்த தாளில் சுத்தமான பாலுக்கு முப்பது, குறைந்தால் தண்ணீர் என்று போட்டிருந்தது. வேறென்ன வேண்டும்? பால்காரரைத் தெருவுக்குள் விடுவதில்லை என்று தீர்மானத்தை எழுதி முடித்துவிட்டார். அதை நிறைவேற்ற வேண்டிய கூட்டம்தான் பாக்கி.

“இன்னா சார், ஒரு நாள் பாலுக்கு இப்டி பேஜார் பண்றே? இந்தத் தெருவ வுட்டா எனக்கு ஏது வாடிக்கை?”

“மாட்டுக்கும் குழாய்க்கும் வித்தியாசம் இதுக்குத் தெரியும்பா” என்றார் மாமா.

அம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். “அண்ணா, அந்தக் கண்ணாடிக் குச்சிய ஒரு வாரம் குடு” என்றாள்.

ஏழு நாளும் அவளே பாத்திரத்தைத் துடைத்துக் கொடுத்து, கண்ணெதிரே கறக்கச் சொல்லி, அளந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம் எண்ணைக் குறிப்பது என் வேலை. இருபத்தொன்பது, முப்பத்தொன்று, இருபத்தேழு, இருபத்தெட்டு. ஐந்தாம் நாள் இருபத்தாறு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா முகம் மாறாமல் “எழுதுடி” என்றாள். அப்புறம் மறுபடி இருபத்தேழு, கடைசியாக முப்பது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்தத் தாளை நீட்டினாள். “சொட்டுத் தண்ணி கலக்காமலே இருபத்தாறு வருது. அப்ப அன்னிக்கு வந்த இருபத்தேழ வச்சு எப்படிண்ணா அவர திருடன்னு சொல்றது?”

“அப்ப கலக்கலன்னு சொல்றியா?”

“அதையும் நான் சொல்லலண்ணா.”

மாமா தீர்மானத்தைக் கோடு போட்டு அடித்தார். முறைப்படி, அடித்த இடத்தில் சிறுகையெழுத்தும் போட்டு.

நான் தெருமுனை வரை ஓடி, பால் சுத்தம் என்று அம்மா நிரூபித்துவிட்டதாக எல்லோரிடமும் கத்தினேன்.

மறுநாள் பால்காரர் கண் கலங்க, “நீயாவது நம்புனியே யக்கா” என்றார்.

“பாத்திரத்தக் கவுத்துக் காட்டுங்க” என்றாள் அம்மா.

எனக்கு அவமானமாகப் போயிற்று. காப்பாற்றிய ஆளையே சந்தேகப்படுவதா? அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

பிற்பாடு புள்ளியியல் துறையில், ஓர் ஊகத்தைத் தரவுகள் மறுக்கின்றனவா என்று பார்க்கும் கருதுகோள் சோதனைகள் செய்தே என் தலை நரைத்தது. “நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை” என்று நான் எழுதி அனுப்பும் கோப்பைப் பார்த்து, “அப்போ நிரூபணமாயிடுச்சு, அப்படித்தானே மேடம்?” என்று கேட்காத மேலதிகாரி அபூர்வம். எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். ஒவ்வொரு முறையும் எட்டாவது படித்த அம்மாவை நினைத்து நெஞ்சு நிமிரும். அவர்களைப் பார்த்துச் சிரிக்க மட்டும் முடியாது. அதே தப்போடு தெருமுனை வரை ஓடியவள் நான்.